படகுக்குள் யார் வைத்த ஈயம்?

ஜனவரி 4, சனி

இந்த நோட்டு என் பெண்டாட்டி கஸ்தூரியுடையது. எழுதுகிறவன் நான், தேசப்பன், கோவளம் மீன் மார்க்கெட், இடது கைப்பக்கம் மூன்றாவது கடை.

கோச் அருள்தாசன் சார் இதை அவளிடம் கொடுத்து, "பெரிய போட்டி வருது கஸ்தூரி, தினமும் மனசுல இருக்கிறதை எழுது, பாரம் குறையும்" என்றாராம். அவள் வீட்டுக்கு வந்து நோட்டைக் கொண்டுபோய் என் மீன் கூடை மேல் போட்டாள்.

"நீ எழுதுயா. துடுப்பு போட்டுப் போட்டு எனக்கு விரலே மடங்க மாட்டேங்குது. நீதான் நாள் முழுக்கப் பேசிக்கினே கீறியே, அத்த அப்படியே எழுது."

"உன் மனசுல இருக்கிறத நான் எப்டிடீ எழுதறது?"

"என் மனசுல இன்னா கீது, ஒனக்குத் தெரியாததா? பசி, தூக்கம், ஜெனிஷா."

மூன்றையும் எழுதிவிட்டேன். சார் படிக்க மாட்டாராம். பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பார்ப்பாராம். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பக்கத்தை நிரப்புவது எனக்குக் கஷ்டமில்லை, என் எழுத்து அவ்வளவு பெரிசு.

ஜனவரி 5, ஞாயிறு

கஸ்தூரி செய்கிற வேலையை ஊரில் பாதிப் பேருக்கு விளக்க முடியவில்லை. கயாக் என்பது ஒரு படகு. ஆனால் எங்கள் ஆட்கள் அதைப் படகு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெண்டைக்காயை இரண்டாகப் பிளந்து உள்ளே ஆளை உட்கார வைத்த மாதிரி இருக்கும். மூச்சைப் பலமாக விட்டால் சாயும். அதில் உட்கார்ந்துகொண்டு ஐந்நூறு மீட்டரை இரண்டு நிமிஷத்துக்குள் கடக்க வேண்டும். மீன் பிடிக்கக் கூடாது. நடுவில் நின்று யாரையும் விசாரிக்கக் கூடாது. இதற்கு எதற்கு இத்தனை வருஷம் பயிற்சி என்று என் மச்சான் கேட்டான். "நீ ஒரு தடவ ஏறிப் பாரு" என்றேன். ஏறினான். முட்டுக்காடு கழிமுகத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று இப்போது அவனைக் கேட்டால் சொல்வான்.

அவள் பதினேழு வயதில் துடுப்பைப் பிடித்தவள். இப்போது முப்பத்துநாலு. வாங்கின மெடலையெல்லாம் அறைச் சுவரில் மாட்டி, நான் சட்டை மாட்ட ஆணி இல்லை. ஆசியப் போட்டி ஒன்றில் நாலாவது வந்தாள். நாலாவதுக்கு மெடல் கிடையாது. அன்றிலிருந்து தட்டில் நாலு இட்லி வைத்தால் முறைப்பாள். மூன்று வைக்க வேண்டும், அல்லது ஐந்து.

ஜனவரி 8, புதன்

விஷயத்தை எழுதாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரியில் போபாலில் தேர்வுப் போட்டி. ஒற்றை ஆள் கயாக்கில் முதல் இரண்டு பேர் இந்திய முகாமுக்குப் போவார்கள், அங்கிருந்து ஆசியப் போட்டிக்கு. கஸ்தூரி அந்த இரண்டுக்குள் வராவிட்டால் அவள் படகு ஜெனிஷாவுக்குப் போய்விடும். படகு எங்களுடையது அல்ல, பயிற்சி மையத்துடையது. நல்ல படகு ஒன்றுதான் இருக்கிறது. கஸ்தூரி விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைத்த ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்து கோப்புக்கு நூல் கட்ட வேண்டும்.

ஜெனிஷா குளச்சல் பக்கத்துப் பெண். இருபத்தொரு வயது. கெட்டவளாக இருந்தாலாவது திட்டலாம். நேற்று வீட்டுக்கு வந்து, "அக்கா, உங்களுக்குத் தோள் வலிக்குதுன்னு கேட்டேன், எங்கம்மை காய்ச்சின எண்ணெய் கேட்டியளா, தேச்சுப் பாருங்க" என்று குப்பியை வைத்துவிட்டுப் போனாள். எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது. அது இன்னும் எரிச்சல்.

ஜனவரி 12, ஞாயிறு

கேரளாவில் ஒரு காயலில் தென் மாநிலப் போட்டி. ஜெனிஷா முதல், கஸ்தூரி இரண்டு.

நான் ஓட்டத்தைப் பார்க்கவில்லை. சரியாகக் கொடி ஆட்டுகிற நேரத்தில் செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்க ஆள் தேடிப் போய்விட்டேன். போன தடவை டீ குடிக்கப் போயிருந்தேன். அதற்கு முந்தின தடவை போன் வந்தது. ஒரே ஒரு முறை, கல்யாணமான புதிதில், முழுசாக நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் படகு கவிழ்ந்தது. அவள் தலை தண்ணீருக்கு மேலே வரக் கொஞ்சம் நேரமானது. அதன் பிறகு எனக்கு வாய்க்கிற செருப்பெல்லாம் மட்டமான செருப்பு.

இன்றைக்கு டீக்கடையில் ஒரு செய்தி. ஓட்டம் முடிந்ததும் படகைத் தூக்கி எடை மேடையில் வைக்கிறார்களாம், சந்தையில் ஆட்டை நிறுக்கிற மாதிரி. டீக்கடைச் சேட்டன் சொன்னார்: "ஒரு பெண்குட்டியைப் புறத்தாக்கி. படகின்றெ வெயிட்டு சரியில்லா." போட்டியிலிருந்தே தள்ளிவிட்ட அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டு போனதை நானே பார்த்தேன்.

ரயிலில் பெட்டிக்கு மேல் பெட்டி ஏற்றினால் அபராதம் போடுகிறார்கள் இல்லையா, அது போலத்தான் இதுவும். படகு கனமாக இருந்திருக்கும். உள்ளே என்னத்தை வைத்தாளோ, பாவம்.

கஸ்தூரியைக் கேட்கலாம் என்றால், போட்டிப் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்று கோச் சட்டம் போட்டிருக்கிறார். வீட்டில் இப்போது சாம்பாரைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

ஜனவரி 15, புதன். மாட்டுப் பொங்கல்

எங்களுக்கு மாடு கிடையாது. வீட்டுக்குச் சோறு போடுகிற ஜீவன் எதுவோ அதைக் கும்பிட வேண்டும் என்று மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு கழிமுகத்துப் படகுக் கொட்டகைக்குப் போனேன். கஸ்தூரி வீட்டில் தூங்குகிறாள். கொட்டகையில் ஒருவரும் இல்லை. படகைக் குளிப்பாட்டினேன். மூக்கில் பொட்டு வைத்தேன். கழுத்து எங்கே என்று தெரியாததால் மாலையை நடுவில் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, கொம்பு இல்லாத குறைதான்.

உள்ளேயும் துடைக்கலாம் என்று ஆசனத்தைக் கழற்றினால், அடியில் கறுப்பு டேப் போட்டு என்னவோ ஒட்டியிருக்கிறது. பிரித்தேன். ஈயம்! உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு.

 நான் வலைக்காரன். வலையில் ஈயம் கட்டுவது எதற்கு? அடியில் இழுத்துக்கொண்டு போக. மிதக்க வேண்டியதில் எவனாவது ஈயம் கட்டுவானா? கேரளாவில் அந்தப் பெண் அழுதது கண் முன்னால் வந்தது. யாரோ வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். ஜெனிஷாவாக இருக்காது, எண்ணெய் கொடுத்த கை அது. அவளுக்கு வேண்டியவர்கள் யாராவது இருக்கலாம்.

தகட்டை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். கஸ்தூரியிடம் மூச்சு விடப் போவதில்லை. போட்டி முடியட்டும். நம் படகில் சதி நடந்தது என்று தெரிந்தால் அவள் மனசு உடைந்துபோகும். என் மனசு மட்டும் இன்றைக்குக் குதிக்கிறது. இத்தனை வருஷமாக அவளுக்கு நான் செய்த உதவி ஓட்ஸ் கிண்டினது ஒன்றுதான். இன்றைக்குத்தான் ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

ஜனவரி 16, வியாழன்

காலையில் கஸ்தூரி வழக்கம்போலப் படகைத் தோளில் தூக்கினாள். இரண்டு அடி வைத்து நின்றாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ், படகை இன்னா பண்ணே?"

"பொங்கலு வச்சேன்."

"வேற?"

"மஞ்சப் பூசினேன். மூஞ்சி களையா கீது பாரு."

 என் முகத்தையே பார்த்தாள். சுறா வெட்டும்போது அதன் வயிற்றைப் பார்ப்பேனே, அந்த மாதிரி.

ஜனவரி 17, வெள்ளி

என் அரைக்கிலோ எடைக்கல்லைக் காணோம்!

வீட்டில் கூடையோடு வைத்ததுதான். ஒரு கிலோ இருக்கிறது, கால் கிலோ இருக்கிறது, அரையை மட்டும் காணோம். கடையில் மறந்திருப்பேனோ என்று பார்த்தால் அங்கேயும் இல்லை. பக்கத்துக் கடை சம்பூரணம் அக்காள் தராசில் ஓர் அரைக்கிலோ பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"யக்கா, இந்தக் கல்லு எனக்குத் தெரிஞ்ச கல்லு மாதிரி கீதே."

"எது? இதுவா? எம் மாமியா காலத்துலேர்ந்து எங்கிட்ட கீது."

"உம் மாமியா மூஞ்சி மாதிரியே கீது, ஒத்துக்கிறேன். ஆனா பின்னால கொஞ்சம் நம்ம ஜாடை."

"எப்பா தேசப்பா, காலங்காத்தால வாயக் கிளறாத. எடுத்தன்னு சொல்லு, இந்த வஞ்சிரத்தாலயே அடிக்கிறேன்."

"வஞ்சிரத்தால அடிச்சா வாங்கிக்கிறேன். நெத்திலியால அடிச்சிடாத, எனக்கு மரியாத கொறஞ்சிடும்."

மார்க்கெட்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இனி என்னோடு பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டு, அதையே ஒரு மணி நேரம் பேசினாள்.

வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் புலம்பினேன். அவள் ஓட்ஸை விழுங்கிக்கொண்டே, "போலீசுல சொல்லு" என்றாள். அவ்வளவுதான் அனுதாபம்.

கல் இல்லாமல் எப்படி வியாபாரம் பார்ப்பது? அப்போதுதான் மூளை வேலை செய்தது. அந்த ஈயத் தகடு! கையில் தூக்கிப் பார்த்தேன், கைக்கு அரைக்கிலோ போலவேதான் இருந்தது. இருபது வருஷம் மீன் நிறுத்த கை பொய் சொல்லாது. தராசில் வைத்துவிட்டேன். சதிகாரன் வைத்த ஈயம், எனக்கு வியாபாரம் பண்ணட்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

கஸ்தூரியின் நேரம் குறைந்துவிட்டது! கோச் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார், ஓடுகிறதா என்று. மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதே வேகம்.

"என்ன பண்ணே கஸ்தூரி? மூணு வருஷமா வராத நேரம் இது."

"ஒண்ணும் இல்ல சார். கொஞ்ச நாளா மனசு லேசா கீது."

மனசா லேசு? படகு லேசு! கரையில் நின்று மீசைக்குள் சிரித்துக்கொண்டேன். சொல்ல முடியாத பெருமை இருக்கிறதே, அது அஜீரணம் மாதிரி. ஏப்பம் விடவும் முடியாது.

ஜனவரி 22, புதன்

இன்றும் அதே நேரம். நான் இன்றும் சொல்லவில்லை. எனக்கே என்னைப் பாராட்ட வேண்டும் போல் இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

கடையில் நிற்க இடமில்லை. போன வாரம் வாங்கினவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எல்லாருக்கும் அரைக்கிலோதான் வேண்டுமாம். படூரிலிருந்து வந்த ஓர் அம்மாள், "உங்க கடையில வாங்கினா குழம்புல மீன் நெறைய தெரியுதுப்பா" என்றார். "மீன் இல்லம்மா, நிறுக்கிறவன் மூஞ்சி ராசி" என்றேன்.

சம்பூரணம் அக்காள் கடையில் ஈ மட்டும்தான் வாடிக்கை. பேச்சு இல்லை என்றவள் பேசிவிட்டாள்.

"இன்னா வசியம் வச்சே? பொம்பளைங்கல்லாம் ஒன் கடையிலயே வந்து விழறாளுங்கோ."

"சிரிச்ச மூஞ்சி வேணும்க்கா. நீ தெனம் வஞ்சிரத்தத் தூக்கி அடிக்க வந்தா எவ வருவா?"

ஜனவரி 30, வியாழன்

சாயங்காலம் அவள் தோளுக்கு ஜெனிஷா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"மாமா, மூணாவதா வந்துட்டா இன்னா பண்றது?"

அவள் மாமா என்று கூப்பிடுவது மாசத்துக்கு ஒருமுறை.

"இன்னா பண்றது? சம்பூரணம் பக்கத்துல ஒனக்கும் ஒரு கூடை வாங்கித் தரேன். கூவி விக்க ஒனக்குக் குரல் கீது."

சிரிக்கவில்லை. 

"பதினேழு வயசுலேர்ந்து தெனம் காலையில தண்ணி மேல ஒக்காந்தேன். அப்பால நாற்காலில ஒக்கார எனக்குத் தெரியாதுயா. நீ எல்லாத்தையும் கேலி பண்ற, பண்ணிக்கோ. ஒரே ஒரு தடவ நின்னு பாரு. எங்கியோ கரையில நீ பாத்துக்கினு கீறேன்னு நெனச்சிக்கினுதான் கடைசி நூறு மீட்டரு போடறேன். நீ செருப்பு தைக்கப் போயிருக்கேன்னு எனக்குத் தெரியாதா?"

எண்ணெய்க் குப்பியைக் காணோம் என்று தேடப் போய்விட்டேன். குப்பி என் கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

எல்லாப் படகையும் மெத்தை சுற்றி லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். எங்கள் வெண்டைக்காய் நடு அடுக்கில். கஸ்தூரி கடைசியாக ஒருமுறை ஆசனத்துக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். நான் லாரிச் சக்கரத்தைப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டு, "எல்லாம் சரியா கீது" என்றாள். ஆகா, சதி நடந்ததே தெரியாமல் பேசுகிறாளே என்று பரிதாபமாக இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

ரயில். ஜெனிஷாவும் எங்கள் பெட்டிதான். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழம்பொரியைக் கஸ்தூரிக்கு நீட்டினாள். கஸ்தூரி எடுத்தாள். ரெண்டு பேரும் ஒரே ஜன்னலில் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் நாக்பூர் ஆரஞ்சு வாங்கி உரித்துக் கொடுத்தேன், ஆளுக்குப் பாதி. ஒரு சுளை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதில் மட்டும் நான் நியாயவான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போபால். ஏரி பெரிசு, ஆனால் அலை இல்லாத தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. குளிர் பல்லைத் தட்டுகிறது.

முதல் சுற்றில் கஸ்தூரி தேறினாள். இறுதிப் போட்டி நாளைக்கு. பார்த்தேனா? பார்த்த மாதிரிதான். கழிப்பறை வரிசை நீளம்.

வெளியே வந்தபோது கஸ்தூரி துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். "செருப்பு நல்லா கீதா?" என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

 எழுத்து கோணலாக இருந்தால் குளிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் கோச்சோடு எடை மேடை பக்கம் நின்றிருந்தேன். ஆம்பிளைகள் ஓட்டம் முடிந்து படகுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு பஞ்சாபிப் பையன், முதலாவதாக வந்தவன், படகை வைத்தான். அதிகாரி எண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ பாவம்" என்றேன். "எவ்ளோ அதிகம் சார்?"

"அதிகமா? கம்மிண்ணே! பன்னெண்டு கிலோவுக்குக் கீழ போனா ஓட்டமே செல்லாது. லேசான படகு வேகமாப் போயிடும்ல, அதனால எல்லாருக்கும் ஒரே கணக்கு. அதுக்குத்தான் குறையற எடைக்கு நாங்களே உள்ள ஈயம் வச்சு ஒட்டறோம்."

"நீங்களேவா?"

"நான்தான். நம்ம கஸ்தூரி படகுல என் கையால ஒட்டினது."

 சதிகாரன் பக்கத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருக்கிறான்! அந்தச் சதிகாரன் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியதை அப்போது நான் கவனிக்கவில்லை.

"கஸ்தூரி எங்க சார்?"

"ஸ்டார்ட்டுக்குப் போயாச்சே. அதோ."

ஏரியின் அந்தக் கோடியில் ஒன்பது படகு, ஒன்பது குண்டூசி மாதிரி. ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஐந்நூறு மீட்டர் தள்ளித் தண்ணீர் நடுவில் இருக்கிறவளிடம் ஈயத்தை என்ன தூக்கி எறியவா முடியும்? அந்த ஈயமும் கோவளத்தில் நெத்திலி நிறுத்துக்கொண்டிருந்தது. என் மச்சானைக் கடையில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தேன். இருந்தாலும் ஓடினேன். "நிறுத்து! நிறுத்து!" என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடுகிறவனை அந்த ஊர் ஆட்கள் வழிவிட்டுப் பார்த்தார்கள்.

பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. சத்தியமாக, நிஜமாகவே அறுந்தது. இத்தனை வருஷம் நான் சொன்னதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்து அறுந்தது. இரண்டையும் உதறி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். கயிறு கட்டியிருந்த இடத்தில் ஒரு போலீஸ்காரர் நெஞ்சில் கை வைத்து நிறுத்தினார். அந்த நேரம் அங்கே ஒலிபெருக்கி கத்தியது. ஒன்பது படகும் கிளம்பிவிட்டன.

முன்னால் கயிறு. பின்னால் கூட்டம். டீக்கடை இல்லை, செருப்பும் இல்லை. பார்க்கிறதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

பார்த்தேன்.

இப்படித்தான் போவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! வீட்டில் கதவு இடுக்கில் விரலை நசுக்கிக்கொள்கிற பொம்பளை இவள்தானா? படகு ஆடவே இல்லை. இரண்டு பக்கமும் துடுப்பு விழுகிறது, தண்ணீர் சிதறக் கூட இல்லை, கத்தி போட்ட மாதிரி உள்ளே போய் வெளியே வருகிறது. முன்னால் ஜெனிஷா, ஒடிசாப் பெண் ஒருத்தி, அதற்கப்புறம் இவள். என் எதிரே கடக்கும்போது மூன்றாவது. பல்லைக் கடித்திருந்தாள். அந்தப் பல்லை எனக்குத் தெரியும், மீன்காரனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று எங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் கடித்த பல்.

"கஸ்தூரீ! இங்கதான்டீ கீறேன்! பாத்துக்கினே கீறேன்!"

செல்லாத ஓட்டம் என்று தெரிந்தும் கத்தினேன். எடை, ஈயம் எல்லாம் மறந்துபோயிற்று. கவிழும் கவிழும் என்று இத்தனை வருஷம் பயந்த கண்ணுக்கு, அவள் போகிறதை மட்டும்தான் பார்க்க முடிந்தது. கடைசி நூறு மீட்டரில் தலையைக் குனிந்தாள், ஏதோ சண்டைக்குப் போகிறவள் மாதிரி. ஜெனிஷா முதல். ஒடிசாப் பெண்ணும் இவளும் ஒன்றாகத்தான் கோட்டைத் தொட்டார்கள். பலகையில் பெயர் வர எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கஸ்தூரி, இரண்டு.

போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவரும் என்னவென்று தெரியாமல் முதுகைத் தட்டினார். தட்டின தட்டில் ஈயம் ஞாபகத்துக்கு வந்தது.

எடை மேடைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவள் படகை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"கஸ்தூரி, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்டீ. பொங்கல் அன்னிக்கு... உள்ள இருந்த ஈயத்த... யாரோ கெடுதல் பண்ணிட்டாங்கோன்னு..."

"இப்பத்தான் சொல்ல நேரம் கெடச்சுதா? தள்ளு."

படகை மேடையில் வைத்தாள். எண் ஓடியது. பதினொன்று, பன்னிரண்டு, மறுபடி பதினொன்று என்று ஊசலாடியது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் முடியவில்லை. ஒரு நாளில் எத்தனையைத்தான் பார்ப்பது? பன்னிரண்டில் நின்றது. புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்ஜியம், ஒரு இரண்டு. அதிகாரி தலையை மேலும் கீழுமாக ஆட்டினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஈயம் இல்லாமல் எப்படி?

அதிகாரி ஆசனத்துக்கு அடியில் கையை விட்டு, கெட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். டேப்பின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினார். குனிந்தார். முகர்ந்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"யே க்யா ஹை?"

நானும் குனிந்து பார்த்தேன். இரும்பு. நடுவில் 500 கிராம் என்று எழுத்து. பக்கத்தில் எடை இன்ஸ்பெக்டர் குத்தின அரசாங்க முத்திரை. ஓரத்தில் ஒரு காய்ந்த செதில்.

என் கல்!

"வெயிட், சார்" என்றார் கோச், கோயிலில் நிற்கிற முகத்தோடு. அதிகாரி முத்திரையைத் தடவிப் பார்த்தார். இவ்வளவு நேர்மையான எடையை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். சரி என்று எழுதிக்கொண்டார்.

கஸ்தூரி அப்போதுதான் சிரிக்க ஆரம்பித்தாள். படகு மேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"தெனம் தோள்ல தூக்கற படகுயா. கொறஞ்சது எனக்குத் தெரியாதா? அன்னிக்கே ஒங் கூடையிலேர்ந்து எடுத்து ஒட்டிட்டு, சாருகிட்ட நிறுத்தும் பாத்துட்டேன்."

"அடிப்பாவி! அப்ப நேரம் கொறஞ்சுதே, அது?"

"ஒங் கல்லோடதான் கொறஞ்சுது."

"சொல்லியிருக்கலாமே?"

"மூணு வாரமா நீ மூஞ்சில பல்பு எரிய சுத்திக்கினு இருந்தே. என்னமோ கப்பல காப்பாத்தினவன் மாதிரி. அத்தப் பாத்தா எனக்குத் துடுப்பு தானா போச்சு. எதுக்கு அணைக்கணும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பால, நீ மட்டுந்தான் ஊர ஓட்டுவியா?"

பிறகு என் காலைப் பார்த்தாள்.

"செருப்பு எங்க?"

"அறுந்துடுச்சு."

"திரும்பவுமா?"

"பார்த்தேன்டீ" என்றேன். "எதிர்ல தாண்டும்போது மூணாவதா இருந்தே. பல்லக் கடிச்சே."

அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. ஈரக் கையால் என் காதைப் பிடித்துத் திருகினாள். விடுவதற்கு நேரமாயிற்று.

பிப்ரவரி 14, வெள்ளி

கோவளம். முதல் வேலையாக ஈயத்தைக் கொண்டுபோய் சம்பூரணம் அக்காள் தராசில் வைத்தேன். அறுநூறு கிராம். இத்தனை நாளும் அரைக்கிலோவுக்கு நூறு கிராம் கூடப் போட்டிருக்கிறேன். என் மூஞ்சி ராசி இவ்வளவுதான்.

அக்காளிடம் கதை முழுவதையும் சொல்லி, கல் திருடி என்று சொன்னதற்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். கடைசிவரை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் வஞ்சிரத்தை எடுத்து என் முதுகில் ஒரு போடு போட்டாள். "இது கஸ்தூரிக்கு. குழம்பு வச்சுக் குடு" என்று அதையே பையில் போட்டாள்.

கஸ்தூரியிடம் என் கல்லைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். முடியாதாம். முகாமுக்கு அதுவும் வருகிறதாம். கோச் புது ஈயம் தருகிறேன் என்று சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாளாம்.

கஸ்தூரி முகாமில் இருக்கும்போது அங்கே போகலாம் என்று கோச் சொல்கிறார், வாரம் ஒருமுறை நடக்கிற ஓட்டத்தை வீட்டு ஆட்கள் பார்க்கலாமாம். மார்க்கெட்டிலிருந்து வரும் வழியில் செருப்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளப்பாக நாலைந்து எடுத்துப் போட்டார்.

"அதெல்லாம் வேணாம்பா. வாரே இல்லாதது எதுனா கீதா?" என்றேன்.